இடப்பக்கத்து வரிசை

பக்கத்துல வந்து உக்காருங்க தம்பி. இன்னும் கிட்ட. அந்தப் பக்கம் வேண்டாம், அங்கன உள்ள நாற்காலிக்குக் கால் சரியில்ல. இந்தா, என் வலக்கைப் பக்கமா இப்படி வாங்க. முதப் பந்தி இப்பத்தான் உக்காந்திருக்கு. உங்களுக்கும் எனக்கும் ரெண்டாம் பந்தி. நீங்க சாப்பிடப் போறீங்க, நான் பந்தி விசாரிக்கப் போறேன். அதுவரைக்கும் என் கால் இப்படி ஆடிக்கிட்டேதான் இருக்கும். கண்டுக்கிடாதீங்க. அது வியாதி இல்ல, அவசரம்.

உள்ள பருப்பு போகுது. கதவு சாத்தியிருக்கே, எப்படித் தெரியும்னு பாக்கீங்களா? காதுதான். பருப்பும் நெய்யும் போகையில ஆளுக பேச்சு அப்படியே அமுங்கும். சாம்பார் வந்தா வாளி வளையம் கிணுகிணுன்னு பேசும். ரசத்துக்கு உறிஞ்சுத சத்தம். பாயாசத்துக்குப் பிள்ளைகள் சத்தம். மோர் வந்தா ஏப்பமும் நாற்காலி நகருததும். கண்ணைக் கட்டி என்னைய ஒரு மண்டபத்துல விட்டாலும் எந்த வரிசைக்கு எது வரலன்னு சொல்லுவேன். இது பெருமைக்குச் சொல்லுதது இல்ல.

என் பேரு ஆவுடையப்பன். கடையநல்லூரு. இந்தத் தென்காசி வட்டாரத்துல பந்தி அண்ணாச்சின்னு கேட்டா என் வீட்டைக் காட்டுவாங்க. நான் சமையக்காரன் இல்ல. வாளி தூக்குதவனும் இல்ல. எதிரெதிரா ரெண்டு வரிசை இலை போட்டு ஆளுக உக்காந்திருக்கும்லா, அதுக்கு நடுவுல நடந்து, யாரு இலையில என்ன குறையுதுன்னு பாத்துப் பரிமாறச் சொல்லுதது என் வேலை. பத்து இலைக்கு அங்கிட்டு ஒருத்தருக்குப் பச்சடி விழலன்னா இங்கிருந்தே எனக்கு நமைக்கும். எங்க ஆளுகளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். சோறு மட்டும் தானாப் போடலாம். அதுக்குமேல, என் கை அசையாம எந்த வாளியும் சாயக் கூடாது. கை எந்த வரிசைக்குக் காட்டுதோ அந்த வரிசைக்குத்தான் போகணும். இல்லன்னா ஒருத்தன் ரசத்துல இருப்பான், பக்கத்து இலைக்காரன் சாம்பாருக்கு ஏங்கிக்கிட்டு இருப்பான். முப்பத்தொரு வருசம் இந்தச் சட்டம் தவறினது இல்ல. ஒரு வாய், எனக்கு இது வரலன்னு கேட்டு எந்திரிச்சது இல்ல.

சாம்பார் வந்துட்டு. கேட்டீங்களா வளையத்தை? சீக்கிரம் வந்துட்டு. என் மச்சினன் மந்திரமூர்த்திதான் இப்ப உள்ள விசாரிக்கான். அவன் எப்பவுமே ஒரு பறக்காவெட்டி, எல்லாத்துலயும் அவசரம். சரி, போகட்டும்.

போன ஐப்பசியில குளிக்கப் போன இடத்துல விழுந்துட்டேன். அவ்வளவுதான் விசயம். பெரியாஸ்பத்திரியில இருபத்திரெண்டு நாள். மூளையில வலப்பக்கம் ரத்தம் கட்டிட்டுன்னு சொன்னாங்க. அதனால இடக்கையும் இடக்காலும் கொஞ்ச நாள் சொன்ன பேச்சு கேக்கல. இப்ப நல்லா இருக்கு, பாருங்க, தூக்குதேன். தூக்கிட்டேன்லா? எங்க, கைய நீங்க பாத்தீங்களா? பாத்திருப்பீங்க.

கை காலு எல்லாம் சரியான பொறவு டாக்டர் ஒரு கதை சொன்னாரு. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்காம். ஆனா உலகத்துல இடப்பக்கம்னு ஒண்ணு இருக்குன்னே மூளை மறந்துட்டாம். அது எப்படி தம்பி மறக்கும்? வீட்டுல பாதிய மறந்துட்டு ஒருத்தன் குடியிருப்பானா? படிச்சவங்க, நாம என்னத்தைச் சொல்ல. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

எனக்கு மனசுல தச்ச முள்ளு ரெண்டு. ஒண்ணு, இந்த மந்திரமூர்த்தி. என் கைக்குள்ள தொழில் படிச்சவன். இருபத்திரெண்டு நாள்ல ஒருநாள் வந்து என்னைய எட்டிப் பாக்கல. என் வீட்டுக்காரி என்ன சொல்லுதா தெரியுமா? வெள்ளிக்கு வெள்ளி வந்தானாம். கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு மணி நேரம் என் கையப் பிடிச்சிக்கிட்டே இருந்தானாம். ஒருத்தன் என் கையப் பிடிச்சா எனக்குத் தெரியாதா? கூடப்பொறந்த தம்பிக்கு வக்காலத்து வாங்குதா. அந்தக் கையில சங்கரன்கோவில் கயிறு ஒண்ணு கட்டியிருந்தது வாஸ்தவம். வீட்டுக்கு வந்து குளிக்கையிலதான் பாத்தேன். நர்சுப் பிள்ளை யாராவது கட்டியிருக்கும்.

ரெண்டாவது முள்ளு என் வீட்டுக்காரி இவதான். செண்பகவடிவு. காய் நறுக்குத கூட்டத்துக்கு இவதான் தலைவி. ஒரு மண்டபத்துக்கு வேண்டிய அவியலை ஒத்தக் கணக்கா நறுக்குவா, ஒரு துண்டு பெருசு சிறுசு இருக்காது. அப்படிப்பட்டவ, நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து எனக்கு அரைச் சாப்பாடு போட ஆரம்பிச்சா.

சொன்னா நம்ப மாட்டீங்க. இலையில சோறு இருக்கும், வடை இருக்கும். உப்பு இருக்காது. ஊறுகா இருக்காது. கூட்டு இருக்காது. ஊருக்கெல்லாம் உப்பு வைக்கச் சொன்னவனுக்கு வீட்டுல உப்பு இல்ல.  நோயாளிக்கு இவ்வளவு போதும்னு நினைக்கா போல, இருக்கட்டும்னு இருந்தேன். ஒருநாள் தாங்க மாட்டாம கேட்டுட்டேன், உப்பு எங்கட்டின்னு. இருக்குங்கா. எங்க இருக்குன்னேன். குனிஞ்சு என் இலையப் பிடிச்சு அரைவட்டமாத் திருப்பினா. திருப்பினா தம்பி! உப்பு, நார்த்தங்கா ஊறுகா, கூட்டு, அதோட பாதிச் சோறு. எங்கிருந்து கொண்டுவந்து வச்சான்னே தெரியல.

எனக்கு அந்த வித்தை கூடப் பெருசாப் படல. இலையோட நுனி எங்க இருக்கணும்? திங்குதவனுக்கு இடப்பக்கம். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். நுனிய வலப்பக்கமாப் போடுதது எங்க பக்கம் துட்டி வீட்டுல. நான் செத்தா போயிட்டேன், எனக்கு இலையத் திருப்புததுக்கு? கையக் கழுவிட்டு எந்திரிச்சுட்டேன். அவ அந்த இலையையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. அவ்வளவு யோசனையா ஒரு இலையப் பாக்கதுக்கு என்ன இருக்கு?

என்ன தம்பி, என் தோளுக்கு அங்கிட்டு யாரைப் பாத்துச் சிரிக்கீங்க? தெரிஞ்சவங்களா? சரி சரி. ரசம் இன்னும் வரல பாத்தீங்களா. சாம்பாரு முடிஞ்சு ஒரு நிமிசம் ஆகுது. ஆளுக கை காயும்லா. மந்திரம், கையக் காட்டுடா.

ஆஸ்பத்திரியில ஷீபான்னு ஒரு பிள்ளை, நாகர்கோவில்காரி, கைகாலுக்குப் பயிற்சி குடுக்கது அதுதான். ஒரு தாள் நிறைய நட்சத்திரமா அச்சடிச்சுக் குடுத்து, எல்லாத்தையும் கோடு போட்டு அடிங்க மாமாங்கும். அடிச்சுக் குடுத்தேன். இன்னும் பாதி இருக்குங்கு. பாப்பா, உன் தாள் இவ்வளவுதான்னேன். அது சிரிச்சுக்கிட்டே தாளோட இடது ஓரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் சிவப்பு டேப்பு ஒண்ணை ஒட்டுச்சு. சிவப்புத் தெரியுத வரைக்கும் தலையத் திருப்பிக்கிட்டே போங்க மாமா, சிவப்பைப் பாக்காம நிறுத்தாதீங்கன்னுது. எனக்குக் கோவம். என்ன இது, பாலர் பள்ளிக்கூடமா? செண்பகம் மட்டும் பக்கத்துல நின்னு அந்த டேப்பையே பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு எதையாவது பாக்க ஆரம்பிச்சா ஒரே பார்வைதான்.

தை பொறந்தது. முத முகூர்த்தம் இலஞ்சியில. நான் போவேன்னு நின்னேன். டாக்டர் வேண்டாம்னாரு, அவ வேண்டாம்னா, மந்திரம் தலையச் சொறிஞ்சான். நான் வேட்டியக் கட்டி ஆட்டோவுல ஏறிட்டேன். அவளும் பின்னாலயே காய்க்கத்தியோட வந்துட்டா.

கால் கொஞ்சம் இழுத்ததால மந்திரம் எனக்குப் பந்தித் தலைப்புல ஒரு நாற்காலி போட்டான். இங்கன இருந்தே கையக் காட்டுங்க அத்தான், நடக்க வேண்டாம்னான். போட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டான். சரின்னு உக்காந்தேன். தம்பி, அன்னைக்குப் பந்தி எப்படி இருந்தது தெரியுமா? முத்துக் கோத்தாப்புல. பருப்புக்குக் காட்டினேன், சாம்பாருக்குக் காட்டினேன், ரசம், பாயாசம், ஒரு இலையில ஒரு குறை கிடையாது. அந்த மூணு மாசச் சங்கடமும் என் ஒடம்புல இருந்து இறங்கிப் போச்சு. மோருக்குக் கையக் காட்டிட்டு, பாத்தியாட்டி, எனக்கு என்ன குறைன்னு அவளைத் தேடுதேன்.

அப்பத்தான் ஒரே கசமுசா. என்னன்னா, இடப்பக்கத்துல இன்னொரு வரிசை இருந்ததாம். நாப்பது இலை. சோறு மட்டும் விழுந்திருக்கு. அதுக்குமேல ஒரு துளி விழல. எங்க ஆளுக நாலு பேரு அந்தப் பக்கம் பருப்பும் சாம்பாருமா நின்ன இடத்துலயே நிக்காங்க. கேட்டவங்ககிட்ட எல்லாம் இந்தா வந்துட்டுன்னு சொல்லிச் சமாளிச்சிருக்காங்க. ஏன் போடலன்னு கேட்டா, அண்ணாச்சி கை காட்டலங்கான். ஒரு வாய்ச்சொல்லு சொல்லக் கூடாதாடா பாவி? அண்ணாச்சி போட்ட சட்டம்தானேங்கான்.

நான் பாத்தப்ப அங்கன வரிசையே கிடையாது தம்பி. சத்தியமா. பின்னால கொண்டுவந்து உக்கார வச்சிருப்பாங்கன்னுதான் இன்னைக்கும் எனக்கு ஒரு நினைப்பு.

அந்த வரிசையில மொத இலை மாப்பிள்ளையோட தாய்மாமன். புளியங்குடிக்காரரு, எலுமிச்சை வியாபாரம். அவரு காஞ்ச சோத்தைப் பாத்தாரு, எதிர் வரிசைக்கு மோர் போகுததைப் பாத்தாரு, இலைய வெளிப்பக்கமா மடிச்சாரு. உங்களுக்குத் தெரியும்லா? நம்ம பக்கமா மடிச்சா, திருப்தி, உறவு நிக்கணும்னு அர்த்தம். வெளிப்பக்கமா மடிச்சா இனி இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு அர்த்தம். தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகல. பொண்ணு வீட்டுக்காரரு முகம் சுண்ணாம்பாயிட்டு.

உள்ள இருந்து ஈரக்கையோட செண்பகம் வந்தா. நாப்பது பேருக்கு முன்னால அந்த மனுசன்கிட்ட என்ன சொன்னா தெரியுமா?

"அண்ணாச்சி, இந்தப் பக்கத்து வாளிய நிறுத்தி வைக்கச் சொன்னது நான். ரசத்துல எனக்கு ஒரு சந்தேகம். திரும்பக் கொதிக்க வச்சேன். வைய வேண்டியது என்னைய. இலைய மட்டும் அப்படி மடிக்காதீங்க."

சொல்லிட்டு அந்த இலைய எடுத்துட்டு, அவளே புதுசு விரிச்சு, அவளே உப்பு வச்சா. அவரு புது இலைக்கு முன்னால உக்காந்துட்டாரு. எல்லாம் அடங்கிட்டு.

ஆனா பாருங்க, முப்பத்தொரு வருசமா எங்க ரசத்தை ஒருத்தன் குறை சொன்னது இல்ல. இவளாவே நாலு பேருக்கு முன்னால குறை சொல்லிட்டா. என் பேரைக் கெடுத்துட்டா. எனக்கு அந்த ஆத்திரம். அதுக்குமேல மந்திரம் வந்து, அத்தான், இனி நீங்க வீட்டுல இருங்கன்னான். அதை மட்டும் மெதுவாச் சொன்னான். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தா நானும் போட்டிருப்பேன். 

பன்னெண்டு நாள் அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. வீட்டுல இருந்தேன். வீட்டுல இருக்கதுன்னா என்னன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. தெருவுல கல்யாண வேன் போனா வாசலுக்கு ஓடுவேன். எவன் வீட்டுலயாவது அப்பளம் பொரிஞ்சா இங்கன கை தானாத் தூக்கும். முகூர்த்தம் இல்லாத ஆடி மாசம் கூட நான் அப்படித் தவிச்சது இல்ல. கட்டிலுக்கும் கதவுக்குமா நடந்துக்கிட்டே இருப்பேன். இனி இந்தக் கை எதுக்குத் தம்பி? ஈ ஓட்டதுக்கா?

ரசம் வந்துட்டு. உறிஞ்சுதாங்க. நல்லது.

பதிமூணாம் நாள் மத்தியானம் எனக்கு இலை போட்டா. சாப்பிட்டேன், எந்திரிச்சேன். மறுநாளும் அப்படியே. மூணாம் நாளு, பாதிச் சாப்பாட்டுல எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. என்னன்னு சொல்லத் தெரியல. பந்தியில ஒரு இலைக்கு எதுவும் போகலன்னா அங்கன ஒரு சத்தம் குறையும். ஆளு இருக்கும், மூச்சு இருக்கும், வாய்ச் சத்தம் இருக்காது. அந்தக் குறை எனக்குக் காதுல விழுது. என் வீட்டுக்குள்ள, என் பக்கத்துல. கை அப்படியே நின்னுட்டு. எங்கன்னு தேடுதேன். வலப்பக்கம் சுவரு. எதிர்க்க அடுப்பு. பின்ன எங்க? அந்தச் சத்தமில்லாத சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே தலையத் திருப்புதேன். திருப்புதேன், திருப்புதேன், கழுத்து வலிக்கு, ஒண்ணும் இல்ல. அப்ப ஒரு சிவப்பு. ஒத்தச் சிவப்பு மிளகா வத்தல். ஒரு இலை நுனியில வச்சிருக்கு. இலையில வேற ஒண்ணுமே இல்ல. இலைக்குப் பின்னால செண்பகம் சம்மணம் போட்டு, கைய மடியில வச்சு உக்காந்திருக்கா.

கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னோட சரிக்குச் சரி இலை போட்டு உக்காந்தவ இல்ல அவ. பன்னெண்டு நாள், அதுக்குமேல ரெண்டு நாள், பேசாத வாய் பேசிட்டு. "ஏட்டி, நீ எப்ப இருந்து இங்க இருக்க?" ன்னேன்.

"முந்தாநாள்ல இருந்து."

"போட்டுத் திங்க வேண்டியதுதானே?"

"உங்க கை காட்டாம என் இலையில எப்படி விழும்?"

மூணு நாளா மத்தியானச் சோறு இல்ல அவளுக்கு. அடுப்படியில போயி அள்ளித் தின்னிருப்பா, அவ கெட்டிக்காரி. ஆனா பானையப் பாத்தேன், அவ பங்கு அப்படியே இருந்தது. கையத் தூக்கினேன். காட்டினேன். உப்புக்குக் காட்டினேன். ஒவ்வொண்ணுக்கும் காட்டினேன். நான் காட்டக் காட்ட அவ எடுத்து வச்சுக்கிட்டா. மோர் வரைக்கும் காட்டிட்டுத்தான் என் இலைக்குத் திரும்பினேன். தின்னு முடிச்சு அவ இலையத் தன் பக்கமா மடிச்சா.

அதுல இருந்து தினம் இதுதான். தினம் மத்தியானம் அந்த மிளகா வத்தலைத் தேடணும். ஒருநாள் மறந்தா அன்னைக்கு அவ பட்டினி. நான் வைவேன், திட்டுவேன், அவ அசைய மாட்டா. பிடிவாதம். பொறவு என்னைய நடக்க வைக்க ஆரம்பிச்சா. வீட்டுக்குள்ள ரெண்டு வரிசையா எட்டு இலையப் போட்டு, நடந்து போங்கன்னா. போனேன், ஒரு வரிசைதான் இருக்குன்னேன். கடைசியில நின்னு திரும்பி வாங்கன்னா. வந்தேன். வந்தா இன்னொரு வரிசை. அது எப்படி? போகையில இடப்பக்கம் இருந்தது வருகையில வலப்பக்கம் ஆயிடுதாம். "இலையைத் திருப்பக் கூடாதுன்னீங்க. ஆளு திரும்பலாம்லா?" ன்னு கேட்டா. அதுக்கு நான் என்ன சட்டம் சொல்ல? நாற்காலியில உக்காந்ததுதான் தப்பாப் போச்சு அன்னைக்கு, வேற ஒண்ணும் இல்ல.

எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அவ திருப்திக்காகத்தான் இதெல்லாம் செய்யுதேன்.

பாயாசம். பிள்ளைகளைக் கேளுங்க.

இன்னைக்கு இந்த ரெண்டாம் பந்தி ஒண்ணு மட்டும் எனக்குக் குடுத்திருக்கான் மந்திரம். அதுவும் அவன் சட்டம் ஒண்ணு: நான் நடந்துக்கிட்டே இருக்கணும், உக்காரக் கூடாது. ஒரு இலை விட்டுப் போச்சுன்னா இதோட சரி, வீட்டுல இருந்துக்கிடணும். அவன் அக்காகாரிதான் இதைப் பேசி முடிச்சிருக்கா. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கா. காலையில இருந்து ஆளையே காணும். உள்ள காய் நறுக்கிக்கிட்டு இருப்பா. இந்த நேரத்துலயாவது பக்கத்துல வந்து, பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்லா? சொல்ல மாட்டா. அவளுக்கு என்ன, கத்திரிக்கா பெருசு.

திரும்பவும் அங்கிட்டுப் பாத்துச் சிரிக்கீங்க. யாரு தம்பி அது?

மோர். மோர் வந்துட்டு. ஏப்பத்தைக் கேளுங்க. நாற்காலி நகருது. இந்தா, கதவைத் தொறந்துட்டாங்க. நான் எந்திரிக்கணும். கொஞ்சம் கையக் குடுங்க.

இது என்ன சத்தம்? இந்தப் பக்கத்துல? வளையல் சத்தம். அந்த நாற்காலியில ஆளா இருந்தது? எம்புட்டு நேரமா? என்னது, நீங்க வாரதுக்கு முன்னாலயே இருந்து இருக்காளா? பருப்புல இருந்தா? ரசத்தைக் குறை சொன்னதைச் சொன்னேனே, பிடிவாதம்னு சொன்னேனே, அதையும் கேட்டுக்கிட்டா இருந்தா? ஏன் தம்பி, நீங்களாவது ஒரு வார்த்தை.

இருங்க. திரும்பிக்கிடுதேன். நீங்க காட்டாதீங்க, நான் பாக்கேன். இன்னும் கொஞ்சம். இந்தா, சிவப்பு. அரக்குச் சிவப்புச் சேலை. தீபாவளிக்கு எடுத்தது. காய் நறுக்க யாரு அதைக் கட்டுவா?

போறா பாருங்க. என் முகத்தைக் கூடப் பாக்காம, பந்திக்குள்ள, விருந்தாளி மாதிரி. நடந்துக்கிட்டே இருக்கா. அந்த இடப்பக்கத்து வரிசைதான். கடைசி இலை. உக்காந்துட்டா. இலை நுனிய இடப்பக்கமாச் சரிபண்ணி, மடியில இருந்து சிவப்பா என்னமோ எடுத்து நுனியில வைக்கா. கைய மடியில வச்சுக்கிட்டா.